வாய்தாவுக்கு வாய்தா ஏறுற ஷேரு

ஷேரை வாங்கி முடிச்சுட்டு, "வாங்கலாமா மாமா?"ன்னு யோசனை கேக்கீரு பாரும், அந்தக் குணம்தான் மாப்ளே உம்மகிட்ட எனக்கு ரொம்பப் பிடிச்சது. எல்லாம் நல்லாத்தான் விசாரிச்சிருக்கீரு. அமெரிக்காவுல ஒரு கம்பெனி. கையில டிவி சம்பந்தமா ஒரு பேட்டண்ட். அதை நாலு பெரிய கம்பெனிக களவாண்டுட்டதா கோர்ட்டுல வழக்கு. தீர்ப்பு வந்துட்டா ஷேரு மூணு மடங்கு. அந்தக் கம்பெனி என்ன பொருளு செய்யுது, யாரு வாங்குதாங்கன்னு கேட்டதுக்கு மட்டும் பதிலக் காணோம். அது எதுக்கு நமக்கு, விடும்.

நான் என்னத்தக் கண்டேன்? ஆயுசுல பாதி முன்சீப் கோர்ட்டு வராந்தாவுல வக்கீல் குமாஸ்தாவா நின்னு செருப்பு தேஞ்சவன். ரிட்டயர் ஆயாச்சு, தீர்ப்பு நகல் படிக்கிற கிறுக்கு மட்டும் ரிட்டயர் ஆகல. பேரன் போன்ல இறக்கிக் குடுக்கான், எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கேன். உமக்குன்னே சொல்ல ஒரு வழக்கு இருக்கு. டிவோ வழக்கு. உம்மளப் போல நல்லா விசாரிச்சவங்க அதுல ஆயிரக்கணக்குல இருந்தாங்க.

ஜிம் பார்ட்டன், மைக் ராம்சேன்னு ரெண்டு பேரு, சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனியில வேலை பாத்தவங்க. 1997-ல கலிபோர்னியாவுல டிவோவை ஆரம்பிச்சாங்க. ஓடிக்கிட்டிருக்கிற டிவியை நிறுத்தலாம், பின்னால ஓட்டலாம், எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்து விட்ட இடத்துல இருந்து பாக்கலாம். இப்ப உம்ம பிள்ளை பெருவிரலால பண்ணுற வேலை. அன்னைக்கு அது மாயம். பெட்டிக்குள்ள ஒரு பக்கம் வர்ற படத்தை எழுதிக்கிட்டே இருக்கும், இன்னொரு பக்கம் எழுதினதை எடுத்துக் காட்டிக்கிட்டே இருக்கும். எது எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு அட்டவணையும் போட்டு வச்சுக்கிடும். 1998 ஜூலையில மனுப் போட்டு, 2001 மே மாசம் பேட்டண்ட் வாங்கினாங்க. நம்பர் 6233389. வக்கீலுக எல்லாம் கடைசி மூணை மட்டும் வச்சு '389 பேட்டண்ட்'ம்பாங்க. 1999 செப்டம்பர்ல ஷேரு வெளியிட்டாங்க, ஒண்ணு 16 டாலர். இந்த 16-ஐ மட்டும் ஒரு மூலையில குறிச்சு வையும், மாப்ளே.

பொருளு நல்ல பொருளு. ஊரெல்லாம் பேரு. லாபந்தான் வரல. வருசா வருசம் நஷ்டம். ஏன்னா, சாட்டிலைட் டிவிக்காரனும் கேபிள்காரனும் அதே வேலையைத் தன் பெட்டியிலயே வச்சுக் குடுக்க ஆரம்பிச்சுட்டான். அதுல முந்தினவன் எக்கோஸ்டார், டிஷ் நெட்வொர்க் நடத்துறவன். அவன் முதலாளி சார்லி எர்கன் யாருன்னு தெரியுமா? சின்ன வயசுல லேக் டாஹோவுல ஒரு சூதாட்ட விடுதியில உக்காந்து, விழுற சீட்டை மனசுக்குள்ள எண்ணி எண்ணி ஆடினவரு. விடுதிக்காரன் கண்டுபிடிச்சு வெளிய அனுப்பிட்டான். அதுக்கப்புறந்தான் டென்வர்ப் பக்கம் லாரியில டிஷ் ஆண்டெனா வித்துத் தொழில் ஆரம்பிச்சாரு. எதிர்க்கட்சியில இப்படி ஒரு ஆளு உக்காந்திருக்கையில, நீரு போன்ல பச்சை அம்புக்குறியப் பாத்து ஷேரு வாங்குவீரு.

2004 ஜனவரியில டிவோ கேஸ் போட்டுது. கலிபோர்னியாவுல இருக்கிறவனும் கொலராடோவுல இருக்கிறவனும் சண்டை போட எங்க போனாங்கன்னு பாரும்: டெக்சாஸ் மாநிலத்துக் கிழக்கு ஓரத்துல மார்ஷல்னு ஒரு ஊரு. மிஞ்சிப்போனா 25,000 சனம். ஒரு காலத்துல பேட்டண்ட்காரன் எல்லாம் அந்த ஊருக்கு வரிசை கட்டிப் போனான். வழக்கு அங்க சீக்கிரம் விசாரணைக்கு வரும், ஜூரியில உக்காருற ஊர்ச்சனமும் பேட்டண்ட் வச்சிருக்கிறவன் பக்கம் கொஞ்சம் எரக்கமா இருக்கும்னு ஒரு பேச்சு. ஜூரின்னா யாரு? அந்தச் சுத்துப்பட்டுல இருக்கிற கடைக்காரன், டீச்சரம்மா, பண்ணைக்காரன். அதனால கம்பெனிகளுக்கு அந்த ஊரு மேல திடீர்னு பாசம் பொங்கிச்சு. சாம்சங் கம்பெனி கோர்ட்டு வாசலுக்கு எதிர்ல பனிச்சறுக்கு மைதானம் போட்டுக் குடுத்துச்சு. வெயில் கொளுத்துற டெக்சாஸ்ல, ஆமா. நம்ம டிவோ சும்மா இருக்குமா? அந்த ஊரு கால்நடைக் கண்காட்சியில முதல் பரிசு வாங்கின காளையை ஏலத்துல எடுத்துச்சு. 10,000 டாலர். டிவி ரெக்கார்டர் விக்கிறவனுக்குக் காளை எதுக்குன்னு கேக்காதேயும். ஒண்ணு மட்டும் சொல்லுதேன், அது பொலிகாளையும் இல்ல, காயடிச்சது.

2006 ஏப்ரல்ல ஜூரி டிவோ பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு. சுமார் 7.4 கோடி டாலர் நஷ்ட ஈடு. ஆகஸ்ட்ல நீதிபதி டேவிட் ஃபோல்சம் தடையுத்தரவும் போட்டாரு: குறிப்பிட்ட மாடல் பெட்டிகள்ல ரெக்கார்ட் பண்ணுற வசதியை நிறுத்து. செயிச்சாச்சு! இந்த இடத்துல உம்ம மாதிரி ஆளு என்ன பண்ணியிருப்பீரு? கேக் வெட்டியிருப்பீரு. எக்கோஸ்டார் என்ன பண்ணிச்சுன்னா, நேரா மேல்கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிட்டு வந்துச்சு. மேல்கோர்ட்டு தீர்ப்பு 2008 ஜனவரியில. அதுலயும் பேட்டண்ட்டுல பெட்டியோட உடம்பு சம்பந்தப்பட்ட கூறு அடிபட்டுப் போச்சு, சாப்ட்வேர் சம்பந்தப்பட்ட கூறு நின்னுச்சு. சுப்ரீம் கோர்ட்டு 2008 அக்டோபர்ல "நாங்க எடுக்க மாட்டோம்"னு சொன்ன பெறகுதான் வட்டியோட பணம் கைக்கு வந்துச்சு, சுமார் 10.5 கோடி டாலர்.

இப்ப ஒரு கணக்கு பாரும். 2009 ஜனவரியோட முடிஞ்ச வருசத்துலதான் டிவோ முதல் தடவையா ஒரு முழு வருச லாபம் காட்டிச்சு. எவ்வளவு? சுமார் 10.4 கோடி டாலர். எக்கோஸ்டார் குடுத்தது எவ்வளவு? இப்பத்தான் சொன்னேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துக்கிடும். நான் வாயத் தொறக்கல.

ஷேரு வச்சிருந்தவங்க இதைப் பாத்துக் கவலைப்பட்டாங்களா? அதான் இல்ல. இன்னும் சந்தோசமாயிட்டாங்க. ஒரு தடவை குடுத்தவன் மறுதடவையும் குடுப்பான், அவனை விட்டா அடுத்தவன் இருக்கான்னு கணக்குப் போட்டாங்க. எத்தனை பேரு பெட்டி வாங்குனான், எத்தனை பேரு சந்தாவ நிறுத்துனான்னு பாக்குறதெல்லாம் ரெண்டாம்பட்சமாப் போச்சு. கோர்ட்டு நாட்குறிப்பைப் பாத்து ஷேரு வாங்குற ஒரு கூட்டம் சேந்துச்சு. நம்ம பக்கம் வில்லங்கச் சர்ட்டிபிகேட்டுல வழக்கு இருக்குன்னு தெரிஞ்சா, பத்திரம் எழுத வந்தவன் பேனாவ மூடிட்டுப் போயிருவான். இவங்க, வழக்கு இருக்குன்னு தெரிஞ்ச பெறகுதான் பேனாவையே தொறக்காங்க. அது ஒரு வீரம்னுதான் சொல்லணும்.

எக்கோஸ்டார் சும்மா இருக்கல. 15 இன்ஜினியருங்கள உக்கார வச்சு, ஒரு வருசத்துல 8,000 மணி நேரம் செலவழிச்சு, பெட்டிக்குள்ள இருந்த சாப்ட்வேரையே மாத்தி எழுதிட்டான். முன்ன அட்டவணை போட்டுத் தேடிச்சுன்னா, இப்ப உத்தேசமா இங்கன இருக்கும்னு கணக்குப் போட்டுப் படத்தைக் கண்டுபிடிக்கும். வானத்து வழியா லட்சக்கணக்கான வீட்டுப் பெட்டிகளுக்கு அதை இறக்கிவிட்டுட்டு, "எங்க பெட்டியில இப்ப உங்க பேட்டண்ட் இல்ல"ன்னுட்டான். நீரும் சாப்ட்வேர்காரருதானே, இதைப் படிச்சப்ப எனக்கு உம்ம நெனப்புதான் வந்துச்சு. உம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு வேலை குடுத்திருந்தா 8,000 மணி நேரத்துல மீட்டிங்கு மட்டும் முடிஞ்சிருக்கும்.

நீதிபதி ஃபோல்சம் ஒத்துக்கிடல. 2009 ஜூன்ல, இது கோர்ட்டு அவமதிப்புன்னு சொல்லிட்டாரு. திரும்ப அப்பீல், திரும்ப ஸ்டே.

இனிமேதான் மாப்ளே நீரு காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கணும். அந்த மேல்கோர்ட்டு வாஷிங்டன்ல இருக்கு, பேட்டண்ட் அப்பீல் எல்லாம் அங்கதான் போகும். தீர்ப்பு வருதுன்னு முன்கூட்டிச் சொல்ல மாட்டான். அவங்க ஊரு முற்பகல்ல, அதாவது நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல, சத்தமில்லாம வெளியிட்டுருவான். 2010 மார்ச் 4-ஆம் தேதி அப்படித்தான் வந்துச்சு. மூணு நீதிபதியில ரெண்டு பேரு டிவோ பக்கம். முந்தின நாளு 10 டாலர்ச் சொச்சத்துல கெடந்த ஷேரு, அன்னைக்கு ஒரே நாள்ல 60 சதவீதம் போல ஏறி 16 டாலரத் தாண்டிருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் டிவோ கூடுதலா ஒரு பெட்டி வித்துச்சா? இல்ல. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சுச்சா? அதுவும் இல்ல. கறுப்பு அங்கி போட்ட ரெண்டு பேரு "ஆமா"ன்னாங்க, ஒருத்தரு "இல்ல"ன்னாரு. அவ்வளவுதான் நடந்தது.

மூணாவது நீதிபதி "இல்ல"ன்னு எழுதின பக்கங்கள அன்னைக்கு ராத்திரி யாராவது படிச்சிருப்பாங்களா? நான் குமாஸ்தா புத்தியில சொல்லுதேன், செயிச்ச கட்சிக்காரன் முதல்ல படிக்க வேண்டியது அதைத்தான். தோத்தவனோட வக்கீலு அதைத்தான் படிச்சுக்கிட்டிருப்பான். படிச்சான். மே 14-ஆம் தேதி, "மூணு பேரு சொன்னது கெடக்கட்டும், நாங்க எல்லாருமா உக்காந்து மறுபடி கேக்கோம்"னு அதே கோர்ட்டு உத்தரவு போட்டுது. டிவோ தோத்துப்போச்சுன்னு யாரும் சொல்லல, பாத்துக்கிடும். திரும்பக் கேக்கோம்னு மட்டுந்தான் சொன்னாங்க. ஷேரு ஒரே நாள்ல 40 சதவீதம் போல விழுந்து, மறுபடி 10 டாலர்ப் பக்கம் வந்து உக்காந்துக்கிச்சு. மார்ச்சுல 16-க்கு வாங்கினவங்க யாருன்னு நெனைக்கீரு? நல்லா விசாரிச்சவங்க.

பெரிய பண்டுக்காரன் இந்த மாதிரி வழக்குல பேட்டண்ட் வக்கீலுக்குத் தனியா பீஸ் குடுத்து, கோர்ட்டுல ஆளை உக்கார வச்சு, எந்த நீதிபதி எந்தக் கேள்வி கேட்டாரு, எந்த இடத்துல முகத்தச் சுளிச்சாருன்னு எழுதி வாங்குவான். தீர்ப்பு வந்த நிமிசத்துல கடைசிப் பாராவப் படிச்சு முடிச்சிருப்பான். நீரு அந்த நேரத்துல இட்லிக்குச் சட்னி பத்தலைன்னு என் மககிட்டச் சண்டை போட்டுக்கிட்டிருப்பீரு. சாப்பிட்டுக் கைகழுவிட்டு வந்து போனைப் பாக்குறதுக்குள்ள, ஏற வேண்டியது ஏறி, இறங்க வேண்டியது இறங்கியிருக்கும். அப்பத்தான் உம்ம வாட்ஸாப் குரூப்புல ஒருத்தன் ராக்கெட் படம் போடுவான், நீரு வாங்குவீரு.

எல்லாரும் உக்காந்து கேட்ட தீர்ப்பு 2011 ஏப்ரல் 20-ல வந்துச்சு. நான் படிச்சதுலயே ருசியான தீர்ப்பு அது. புது சாப்ட்வேரும் பேட்டண்டை மீறுதாங்கிறதுக்குக் கீழ்க்கோர்ட்டு வச்ச அளவுகோலு சரியில்ல, திரும்பப் பாருன்னு ஒரு பக்கம் டிவோவுக்குக் கொட்டு. ஆனா, பெட்டியில ரெக்கார்டு வசதிய நிறுத்துன்னு உத்தரவு போட்டா நிறுத்தணும், நான் உள்ளுக்குள்ள மாத்தி எழுதிட்டேன்னு சொல்லப்படாது, உத்தரவு புரியலைன்னா அன்னைக்கே வந்து கேட்டிருக்கணும்னு எக்கோஸ்டாருக்கு ஒரு கொட்டு. இந்த ரெண்டாவது கொட்டுக்கு 7 பேரு ஆதரவு, 5 பேரு எதிர்ப்பு. ரெண்டு கட்சிக்காரனும் "நாங்கதான் செயிச்சோம்"னு சொல்லிக்கிடுற மாதிரி ஒரு தீர்ப்பு. இந்த மாதிரித் தீர்ப்பு வந்தா அடுத்து சமாதானந்தான்னு எங்க வக்கீலய்யா சொல்லுவாரு. அப்படியே ஆச்சு. மே மாசம் 2-ஆம் தேதி டிஷ்சும் எக்கோஸ்டாரும் 50 கோடி டாலர் தாரோம்னு ஒத்துக்கிட்டாங்க. 30 கோடி உடனே, மிச்சம் 20 கோடி ஆறு வருசத் தவணையில, 2017 வரைக்கும்.

எர்கனப் பாரும். 2004-ல வந்த வழக்கு, 2011-ல சமாதானம், கடைசித் தவணை 2017-ல. அந்தக் காலம் பூரா பெட்டிய ஓட்டிக்கிட்டு, சந்தா வாங்கிக்கிட்டு இருந்தாரு. சீட்டு எண்ணத் தெரிஞ்ச ஆளுன்னு நான் சும்மாவா சொன்னேன்.

அடுத்தவங்க பாடு சுருக்கு. 2012 ஜனவரியில ஏ.டி. அண்டு டி. 21.5 கோடி, செப்டம்பர்ல வெரைசன் 25 கோடி. ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க. மிச்சம் இருந்தது சிஸ்கோ, மோட்டரோலா, அதை வாங்கியிருந்த கூகுள், டைம் வார்னர் கேபிள். இதுதான் கடைசிப் பெரிய தேருன்னு ஷேர்க்காரங்க எல்லாம் வடம் பிடிச்சு நின்னாங்க. 2013 ஜூன் மாசம், மார்ஷல்ல விசாரணை ஆரம்பிக்கிற தறுவாயில, 49 கோடி டாலருக்கு எல்லாம் முடிஞ்சுது.

49 கோடி டாலர், மாப்ளே. சும்மா இல்ல. ஷேரு என்ன ஆச்சு சொல்லும் பாப்போம். ஏறிச்சா? அஞ்சுல ஒரு பங்குக்கிட்ட ஒரே நாள்ல விழுந்துச்சு! ஏன்னா, அவங்க அதுக்கும் மேல வரும்னு மனசுக்குள்ளயே வாங்கி, மனசுக்குள்ளயே செலவழிச்சுட்டாங்க. வழக்கு நிலுவையில இருக்கும்போது வரப்போற பணத்துக்கு எல்லையே இல்ல, யாரு எவ்வளவு வேணும்னாலும் நெனச்சுக்கிடலாம். கையெழுத்துப் போட்ட அன்னைக்கு அது வெறும் 49 கோடி ஆயிருது. அதோட இன்னொண்ணு: இனிமே மேல போட வழக்கும் பெருசா இல்ல, 389 பேட்டண்ட்டுக்கும் 2018 ஜூலையோட ஆயுசு முடியுது. வழக்குதான் முதல் போட்ட தொழில்னு இருந்தவனுக்கு, வழக்கு செயிச்ச நாளு கடை மூடின நாளு.

மொத்தத்தக் கூட்டிப் பாக்கீரா? அந்தப் பேட்டண்டு வகையில டிவோவுக்கு வந்ததும் வரவேண்டியதுமா சுமார் 160 கோடி டாலர். அந்தக் கம்பெனியவே 2016-ல ரோவின்னு ஒருத்தன் விலைக்கு வாங்கினான். எவ்வளவுக்கு? 110 கோடி டாலருக்கு. ஒரு ஷேருக்கு 10 டாலர் 70 சென்ட். மூலையில ஒரு 16-ஐக் குறிச்சு வைக்கச் சொன்னேனே, அதை இப்ப எடுத்துப் பாரும். நியாயமாச் சொல்லணும்னா, வந்த பணத்துல ஒரு பங்கை எடுத்துக் கம்பெனி தன் ஷேரைத் தானே வாங்கி ஷேர்க்காரங்களுக்குக் குடுத்துச்சு, கொஞ்சம் பேரு 10-க்கு வாங்கி 16-க்கு வித்துச் சுகமாவும் இருக்காங்க. வக்கீலுங்க எல்லாரும் சுகமா இருக்காங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

வாங்கின ரோவி யாருன்னா, அவன் கதை அதுக்கும் மேல. அவன் வேருல ஒண்ணு ஜெம்ஸ்டார்ங்கிற கம்பெனியில இருக்கு. டிவியில எந்தச் சேனல்ல எத்தனை மணிக்கு என்ன வருதுன்னு கட்டம் கட்டிக் காட்டுதே, அந்தப் பட்டியலுக்குப் பேட்டண்ட் வச்சிருந்தவங்க. ஹென்றி யூன்னு ஒரு கணக்குப் படிச்ச மனுசன் நடத்தினாரு. கேபிள்காரன், பெட்டி செய்யிறவன் எல்லாரையும் வழக்குல இழுத்தாரு. 2000 மார்ச்சுல ஒரு ஷேரு 100 டாலருக்கு மேல. இனி ரிமோட்ட எடுக்கிறவன் எல்லாம் இவருக்குக் கப்பம் கட்டணும்னு மார்க்கெட்டு நம்பிச்சு. 2002-ல கணக்குப் புத்தகத்துலயும் கோளாறு, அந்த வருசம் ஜூன்ல பேட்டண்ட் வழக்குல வந்த உத்தரவும் பாதகம். செப்டம்பர்ல 3 டாலருக்குக் கீழ. பத்திரிகை, டிவி முதலாளி முர்டாக் மாதிரி பழம் தின்னு கொட்டை போட்ட ஆளே அதுல பெரிய பங்கு வச்சிருந்து, நூத்துக்கணக்குல கோடி டாலரை நஷ்டத்துல எழுதினாரு. நாம எம்மாத்திரம்னு சொல்ல வரல. நீரு அவரைவிட நல்லா விசாரிச்சிருப்பீரு.

சரி, உம்ம கம்பெனிக்கு வருவோம். வழக்கு எந்தக் கோர்ட்டுல? தெரியாது. மார்ஷல்ல இருந்தாலும் இப்ப முன்ன மாதிரி இல்ல, 2017-ல சுப்ரீம் கோர்ட்டு, யாரு வேணாலும் எங்க வேணாலும் போய் கேஸ் போடாதேன்னு கடிவாளம் போட்டாச்சு. பேட்டண்ட்டு என்னைக்குக் காலாவதி? பாக்கல. வக்கீலு மாசச் சம்பளத்துக்கு வாதாடுறானா, வர்ற பணத்துல பங்குக்கு வாதாடுறானா? அதுவும் கேக்கல. எதிர்க்கட்சிக்காரனுக்கு எத்தனை வருசம் இழுக்கத் தெம்பு இருக்கு? போதும், விடும், முகத்த அப்படி வைக்காதேயும். நாளைக்கே ஏறினாலும் ஏறும். மார்க்கெட்டுன்னா அப்படித்தான். ஏறிச்சுன்னா அன்னைக்கே பாதியையாவது வித்துரும், என் மாமனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிடும், நான் கோவிச்சுக்கிட மாட்டேன்.

எந்திரும், சாப்பாடு போட்டுட்டா. சங்கிலிய மாசக்கணக்கா பாலிஷுக்குக் குடுத்திருக்கீருன்னு என் மக அவ அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தா, நானும் நம்புற மாதிரியே தலையாட்டினேன். அந்த அடகுச் சீட்ட மட்டும் எங்கிட்ட குடுத்துரும் மாப்ளே. இந்த விவகாரம் பூராத்துலயும் தேதிய ஒழுங்காப் போட்டிருக்கிற காயிதம் அது ஒண்ணுதான்.